வியாழக்கிழமை நடை

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆவுடைநாயகம் எட்டு போட்டார்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கூடம். தரையில் மஞ்சள் வண்ணத்தில் பெரிய எட்டு. அதன் கோட்டின் மேல் ஒரு காலின் குதியை மறு காலின் விரல்களோடு ஒட்டிவைத்து நடக்க வேண்டும். சுவரைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அது அவராக வைத்துக்கொண்ட விதி.

நடந்து முடித்து நின்றார். நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய். மைலோமா. எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய். அது எலும்பை அரிக்கும். ஊசி மருந்து நோயை நிறுத்தியது, பாதங்களை மரத்துப்போகச் செய்தது. நோயில் பிழைத்தவர்கள் குளியலறையில் விழுந்தார்கள். ஒருமுறை விழுந்தாலும் அரித்துப்போன எலும்பு தாங்காது.

அதனால்தான் பெல்ட். இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து இரண்டு கால்களிலும் கணுக்கால் வரை இறங்கும் மெல்லிய நாடாக்கள். உடம்பு விழப்போவது உடம்புக்குத் தெரியும் முன்பே பெல்ட்டுக்குத் தெரிந்துவிடும். நாடாக்கள் கண்ணிமைக்கும் நேரம் இறுகி முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விட்டுவிடும்.

"அடுத்து ஞானசௌந்தரி அக்கா," என்றாள் ஷமீமா. உடற்பயிற்சி சொல்லித்தருபவள் அவள்தான்.

ஞானசௌந்தரி எழுந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவள். பாதி எட்டு வரை நன்றாகத்தான் நடந்தாள். வளைவில் உடம்பு ஒருபக்கம் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபெயில்," என்றார் ஆவுடைநாயகம்.

கூடம் சிரித்தது. ஞானசௌந்தரியும் சிரித்தாள்.

"சார் கையால நான் ஃபெயில் ஆவுறது இது ரெண்டாவது தடவ. அன்னைக்கு ஸ்கூட்டி. கால ஊனிட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாக."

"பாதி திருநெல்வேலிய நான் திருப்பி அனுப்பியிருக்கேன். உன்ன எங்க ஞாபகம் வைக்க?"

"நீலச் சேல கட்டியிருந்தேன்."

"டெஸ்ட்டுக்கு வாற எல்லாரும் நீலந்தான் கட்டிட்டு வந்தாங்க. எவனோ ராசின்னு கிளப்பி விட்டுட்டான்."

"அதுக்கப்புறம் நான் வண்டியே தொடல சார். இன்னைக்கு வரைக்கும் நடைதான்."

"அப்ப நான் நல்லதுதான செஞ்சிருக்கேன். நடந்து நடந்து கால் பலமாயிருக்கணுமே."

மறுபடியும் சிரித்தார்கள்.

அவர் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவர். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டில் எட்டு இருக்கும். காலை ஊன்றாமல் வண்டியைச் சுற்றி எடுத்தால் லைசென்ஸ். வண்டிகள் தாமே ஓடத் தொடங்கியபின் லைசென்ஸ் தேவைப்படவில்லை. மைதானத்தில் வீடுகள் வந்துவிட்டன. எட்டு இந்தக் கூடத்தில் மட்டும் இருந்தது.

"சார், எத்தன தடவ சொல்லுறது," என்றாள் ஷமீமா. "இது டெஸ்ட் இல்ல. யாரும் பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. அக்கா சுவரப் பிடிச்சதுதான் பெல்ட்டுக்குப் பாடம்."

"ஆடினாத்தான் பாடமா?"

"ஆமா சார். உடற்பயிற்சில ரெண்டு வேல நடக்குது. உங்க கால் பலமாகுது. பெல்ட் உங்களப் படிக்குது. எந்த ஆட்டத்த நீங்களே சமாளிப்பீங்க, எதுல விழுவீங்கன்னு அதுக்குத் தெரியணும்ல. அது மட்டுமில்ல, எல்லா பெல்ட்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். ஒருத்தர் காட்டுறது எல்லாருக்கும்."

"அப்ப சார் பெல்ட்டு எங்க பெல்ட்டுக்கெல்லாம் டியூஷன் எடுக்குதுன்னு சொல்லு," என்றார் இசக்கியப்பன். வங்கியில் காசாளராக இருந்தவர். பக்கத்து நாற்காலி.

"அப்படியும் சொல்லலாம்," என்றாள் ஷமீமா. அவளும் கைதட்டினாள்.

ஆவுடைநாயகம் உட்கார்ந்தார். கையை ஊன்றாமல் உட்கார்ந்தார்.

*

திங்கட்கிழமை எல்லோருக்கும் ஊசி. கூடவே ஒரு கை நிறைய ஸ்டீராய்டு மாத்திரை. செவ்வாயும் புதனும் அந்த மாத்திரையின் நாட்கள். தூக்கம் வராது, பசி அடங்காது, உடம்பு இருபது வயது குறைந்து நிற்கும். புதன் இரவு அது இறங்கத் தொடங்கும்.

வியாழக்கிழமை, கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போக அவருக்குச் சுவர் வேண்டும். சுவர் முடிந்த இடத்தில் மனைவி கோமதியின் தோள் வேண்டும்.

பெல்ட் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"பெல்ட்டு போடலியா?" என்றாள் கோமதி.

"இன்னைக்கு வேண்டாம்."

"இன்னைக்குத்தான வேணும்."

"அது பாத்துக்கிட்டே இருக்கும்."

"எது?"

அவர் கதவைக் காட்டினார்.

"நான் பாக்கலாம். அது பாக்கக் கூடாதாக்கும்."

"நீ யார்ட்டயும் சொல்ல மாட்ட."

கோமதிக்கு முழங்கால் வலி உண்டு. அவர் எடையைத் தோளில் வாங்கிக்கொண்டு மெல்ல நடந்தாள். கழிப்பறை வாசலில் நின்றாள்.

"ரெண்டு பேரும் சேந்து விழுந்தா யாரு தூக்க?"

அவர் கதவைச் சாத்தினார்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் அவருக்கு மனப்பாடம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. சமையல் மேடை அருகே ஒற்றைக் காலில் நிற்பது. குதிகாலால் நடப்பது. செவ்வாயும் புதனும் சொன்னதற்கு மேலேயே செய்தார். வியாழனும் வெள்ளியும் படுத்திருந்தார். உடம்பு நிமிர்ந்த பிறகு, சனிக்கிழமை, பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. லைசென்ஸ் டெஸ்ட்டுக்குக் காய்ச்சலோடு ஒருவன் வந்தால் அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். தேறினதும் வா என்பார். ஒருவனுக்கு வண்டி ஓட்டத் தெரிகிறதா என்று அவன் நன்றாக இருக்கும் நாளில்தான் பார்க்க வேண்டும். உத்தியோகக் காலம் முழுவதும் அப்படித்தான் பார்த்தார்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை ஞானசௌந்தரியின் நாற்காலி காலியாக இருந்தது.

"விழுந்துட்டா," என்றார் இசக்கியப்பன். "வெள்ளிக்கிழம. அடுப்படில. இடுப்பு முறிஞ்சு போச்சாம். கீழ ரெண்டாம் மாடிலதான் கிடக்கா. ஆபரேஷன் முடிஞ்சிட்டு."

"பெல்ட்டு?"

"போட்டுத்தான் இருந்திருக்கா. பிடிக்கலயாம்."

ஆளாளுக்குத் தம் இடுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"பெல்ட்டு என்ன செய்யும்," என்றார் இசக்கியப்பன். "அவ ஒழுங்கா பழகல. இந்தக் கூடத்துலயே எத்தன தடவ சுவரப் பிடிச்சா. நாம கொடுத்தாத்தான அதுக்குத் தெரியும். சார பாருங்க. ஒரு நாளாவது கை வச்சிருக்காகளா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

ஆவுடைநாயகம் தலையசைத்தார்.

அசைத்த பிறகுதான் அதை உணர்ந்தார். தலை தன்பாட்டில் அசைந்திருந்தது, லைசென்ஸ் தாளில் பழக்கத்தில் போடும் ஒரு கையெழுத்தைப் போல.

ஷமீமா கண் வீங்கி வந்தாள். பயிற்சியை ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் சொன்னாள். அடுத்த வாரம் புதிதாக நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுடைய பெல்ட் வெறுமையாக இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். ஞானசௌந்தரி அக்காவுக்கு நடந்தது இனி நடக்கக் கூடாது. இந்தக் கூடத்தின் சிறந்த நடையை அவற்றில் முதலிலேயே ஏற்றிவிடுவார்கள்.

"யாரு நட?" என்று இசக்கியப்பன் கேட்டார். பதில் தெரிந்தே கேட்டார்.

"சாருதுதான்."

கைதட்டினார்கள். அன்று அவர் எட்டு போடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

*

எல்லோரும் போன பிறகு ஷமீமாவின் அறைக்குப் போனார். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிடாமல் இருந்தாள்.

"என் நடைய ஏத்தாதம்மா."

"ஏன் சார்?"

"அது என் நட இல்ல."

அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் கையை ஊன்றி உட்கார்ந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"வியாழன், வெள்ளி நான் பெல்ட்ட கழத்தி வச்சிருவேன். அந்த ரெண்டு நாளும் நான் நடக்க மாட்டேன். ஊர்ந்து போவேன்னு வச்சிக்கோ. என் வீட்டம்மா தோள்ல தொங்குவேன். பெல்ட்டுக்கு அது தெரியாது."

ஷமீமா டிபன் பாக்ஸை மூடினாள்.

"விழுந்த அந்தப் பிள்ளையோட பெல்ட்டு எங்கிட்டதான் படிச்சிருக்கு. நான் செவ்வாய்க்கிழமை நடக்கத மட்டுந்தான் படிச்சிருக்கு. அவ விழுந்தது வெள்ளிக்கிழம."

"நீங்க மட்டும் இல்ல சார்."

"என்னது?"

"அக்கா விழுந்த அன்னைலேருந்து நானும் தேடிக்கிட்டுதான் இருந்தேன். வியாழன், வெள்ளில இந்தக் கூடத்து பெல்ட் எல்லாம் சும்மா கிடந்திருக்கு. ஒண்ணு பாக்கியில்ல. இசக்கியப்பன் சாருது, எல்லாருதும். மாசக்கணக்கா. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஓய்வு எடுக்காங்க, படுத்திருக்கும்போது பெல்ட் எதுக்குன்னு நெனச்சிட்டேன்."

"எல்லாருமா?"

"எல்லாரும். அக்காவத் தவிர."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா ஒரு நாள்கூட கழத்தல. நான் கழத்தக் கூடாதுன்னு சொன்னேன், அவங்க கழத்தல. குளிக்கையில மட்டும். வியாழக்கிழமை ஆடினது, வெள்ளிக்கிழமை ஆடினது, எல்லாத்தையும் பெல்ட்டுக்குக் காட்டியிருக்காங்க."

"பின்ன ஏன் பிடிக்கல?"

அவள் மேசையின் விளிம்பைத் தேய்த்தாள்.

"பெல்ட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்னு சொன்னேன்ல. மத்த எல்லா பெல்ட்டும் சொல்லுது, இந்த நோய்க்காரங்க நேரா நடப்பாங்கன்னு. ஒரு பெல்ட் மட்டும் சொல்லுது, இல்ல, ஆடுவாங்கன்னு. இத்தன பேர் ஒரு பக்கம், ஒருத்தங்க ஒரு பக்கம். அது என்ன முடிவு எடுக்கும்? அந்த ஒரு பெல்ட்டுல ஏதோ கோளாறுன்னு எடுத்துருச்சு. அக்கா ஆடினத எல்லாம் பிழைன்னு தள்ளிட்டு, மத்தவங்க நடைய வச்சு அத நிரப்பிக்கிச்சு. அதனால அவங்க உண்மையிலேயே விழும்போது அதுவும் பிழைன்னு சும்மா இருந்துருச்சு."

வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

"அவ உண்மையக் காட்டினா," என்றார் ஆவுடைநாயகம்.

"ஆமா."

"நாங்க எல்லாரும் சேந்து அவள ஃபெயில் போட்டுட்டோம்."

"நானும்தான் சார். நான் கைதட்டியிருக்கக் கூடாது. ஆடினவங்களுக்குல்ல தட்டியிருக்கணும்."

அவர் எழ முயன்றார். செவ்வாய்க்கிழமைதான். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"மேல நான் சொல்லிருதேன்," என்றாள் ஷமீமா. "உங்க நடைய ஏத்த மாட்டாங்க. ஆனா அது போதாது. எல்லாரோட வியாழக்கிழமையும் வேணும். நான் கேட்டா தர மாட்டாங்க. நீங்க முதல்ல வந்து எல்லார் முன்னாடியும் ஆடினா, ஒருவேள தருவாங்க."

"ம்."

"அக்காகிட்டயும் சொல்லணும். அவங்க தன் மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருக்காங்க. காலைலகூட என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க சார். உங்க பெல்ட்டுக்கு நான் கெட்ட பேரு வாங்கித் தந்துட்டேனேன்னு. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதீங்களா?"

"நான் சொல்லுதேன்."

"இப்பவே போறீங்களா? கீழதான்."

"இன்னைக்கு வேண்டாம்," என்றார். "வியாழக்கிழம போறேன்."

*

வியாழக்கிழமை கோமதி பெல்ட்டை எடுத்துவந்து கட்டிவிட்டாள். நாடாக்களை இழுத்துக் கணுக்காலில் மாட்டினாள். குனிந்தபடியே பேசினாள்.

"இப்படி இருக்கும்போது எதுக்குப் போகணும்? சனிக்கிழமை போகலாம்ல."

"சனிக்கிழமை போனா அவ நம்ப மாட்டா."

"எத நம்ப மாட்டா?"

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கை நாடாவிலேயே நின்றிருந்தது.

"அன்னைக்கே நான் ஷமீமாகிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள். "நீங்க வேண்டாம்னு சொன்னிய. நானும் எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

ஆட்டோ வாசலில் வந்து தானே கதவைத் திறந்தது. மெதுவாக ஏறுங்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. அது எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லும். அவருக்கு முகம் சுட்டது.

இரண்டாம் மாடித் தாழ்வாரம் நீளமானது. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. மறுபக்கம் கோமதி. பாதிக்கு மேல் தான் தனியாகப் போவதாகச் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதங்களுக்குக் கீழே தரை இருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. தாதிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டுபோனவன் நின்றான். காலை ஊன்றியதற்காக அவர் மைதானத்தில் விசில் ஊதித் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பதுபோல் இருந்தது.

அறை வாசலில் உடம்பு முன்னால் போயிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பெல்ட் இறுகவில்லை. ஒரு சிறு அசைவுகூட இல்லை. அவரை அதற்குத் தெரியவில்லை.

ஞானசௌந்தரி மல்லாந்து படுத்திருந்தாள். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. இடுப்பில் பெல்ட் இல்லை. அதை மடித்து மேசை மேல், ஆரஞ்சுப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளால் தலையை அதிகம் திருப்ப முடியவில்லை.

"யாரு? இன்ஸ்பெக்டர் சாரா?"

"நான்தாம்மா."

"உக்காருங்க சார். ஸ்டூலு அந்தப் பக்கம் கிடக்கும்."

ஸ்டூல் சுவரோரம் இருந்தது. அதற்கும் கட்டிலுக்கும் நடுவே பிடிக்க எதுவும் இல்லை. அவர் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவள் கண்ணுக்கு அவருடைய முகம் மட்டும் தெரியும். கை தெரியாது.

"நிக்கேன், பரவால்ல."

"நீங்க நிப்பிய. உங்களுக்கென்ன." சிரிக்கப் பார்த்தாள். வலித்தது போலிருக்கிறது. "எம் மகன் சத்தம் போடுதான் சார். ஆஸ்பத்திரி மேல கேஸ் போடப் போறேன்னு. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஷமீமா பிள்ள என்ன பண்ணும்? பெல்ட்டுதான் என்ன பண்ணும்? இசக்கியப்பன் அண்ணாச்சி வந்து சொன்னாக. நாம ஒழுங்கா பழகினாத்தான அதுக்குத் தெரியும்னு. சரிதான. நான் நித்தம் ஆடி ஆடி அதையும் கெடுத்து வச்சிட்டேன்."

"அப்படி இல்ல."

"இல்ல சார், எனக்குத் தெரியும். எல்லாரும் நடக்காக. நான் மட்டுந்தான ஆடுதேன். வியாழக்கிழமையானா அடுப்ப பிடிச்சுக்கிட்டு நின்னு அழுவேன். என் ஒருத்திக்கு மட்டும் ஏன் இப்படின்னு. எங்க வீட்டுல யார்ட்டயும் சொன்னதில்ல."

அவருடைய இடது முழங்கால் நடுங்கத் தொடங்கியது. கம்பியை இன்னும் அழுத்திப் பிடித்தார். கட்டில் லேசாக ஆடியது.

"யாரோ கட்டில ஆட்டுதாங்க," என்றாள்.

"நான்தான்."

"இடிச்சிட்டியளா?"

அவர் வாயைத் திறந்தார். வாசல் வழியே, தாழ்வாரத்தில் கோமதி பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது.

"ஞானசௌந்தரி," என்றார். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"சொல்லுங்க சார். நானே உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு மைதானத்துல எட்டு எப்படிப் போடுறதுன்னு கேக்க பயந்துட்டுப் போயிட்டேன். இப்ப எந்திரிச்சதும் முதல்லேருந்து பழகணும்ல, அதான். நீங்க எப்படி சார், ஒரு நாள்கூட ஆடாம நடந்திய?"